சேலைக்கு அடியில்

ஒரு வீட்டுக் கொடியில் உள்பாவாடை ஒன்று தினமும் காயப் போட்டும் சரியாகக் காயாமலே கிடந்தது. யாரும் பார்த்துவிடக் கூடாதென்று அதன் மேல் எப்போதும் ஒரு சேலையை விரித்துப் போட்டுவிடுவார்கள். ஈரம் தங்கித் தங்கிக் கரும்புள்ளி விழ ஆரம்பித்துவிட்டது. இன்னும் கொஞ்சம் விழுந்தால் தரை துடைக்கக் கிழித்துவிடுவார்களே என்று பாவாடைக்கு ஒரே பயம்.

“சேலையக்கா, வெயில் எப்படி இருக்கும்?” என்று கேட்டது.

“உனக்கெதுக்குடி அதெல்லாம்? வெளியில தெரிஞ்சா மானம் போயிரும். பேசாம கிட.”

அந்த நேரம் பார்த்து ஒரு காற்று அடித்தது. கிளிப்பு தெறித்து, சேலை கொடியின் ஓரத்துக்கு ஒதுங்கிப்போனது. பாவாடைக்குக் கண் கூசியது. பக்கத்தில் ஒரு பனியன், முதுகெல்லாம் ஓட்டையோடு, தெருவைப் பார்த்துச் சாவகாசமாக ஆடிக்கொண்டிருந்தது.

“அண்ணே, நீங்களும் உள்ளே போடுற துணிதானே?”

“ஆமா தங்கச்சி.”

“இப்படித் தொங்குறீங்களே, உங்க மானம் போகலையா?”

பனியன் ஆடுவதை நிறுத்திவிட்டு யோசித்தது. “எனக்கு அப்படி ஒண்ணு இருக்குன்னு இதுவரைக்கும் யாரும் சொல்லலையேம்மா.”

பாவாடை தன்னை மேலும் கீழும் பார்த்துக்கொண்டது. தன்னிடமிருந்து என்ன போயிருக்கிறது என்று தேடியது. ஈரம்தான் கொஞ்சம் போயிருந்தது.

சேலை பதறிக்கொண்டு நகர்ந்து வந்தது. “ஐயோ, யாராவது பார்க்கப்போறாங்க! சீக்கிரம் என் அடியில வா!”

“இருங்கக்கா, இன்னும் பாதி ஈரம் இருக்கு,” என்றது பாவாடை. “காஞ்சுட்டு வரேன்.”