உள்ளே கேட்கும்படி

"செல்விய அனுப்ப முடியாது. நடையக் கட்டுங்க."

சுருளிவேல் வாசற்படியில் குறுக்கே காலை நீட்டி உட்கார்ந்துகொண்டார். அவர் முதுகுக்குப் பின்னால் கதவு பாதி சாத்தியிருந்தது.

அமலராணி டீச்சர் திண்டுக்கல்லிலிருந்து அகரம் பஸ் பிடித்து, இறங்கி, அந்தத் தோட்டத்து வீடு வரைக்கும் வெயிலில் நடந்து வந்தவள். லீவில் பிள்ளைகளும் சரி, வாத்தியார்களும் சரி, ஆளுக்கொரு கதைப் புத்தகமாவது படித்தே ஆகவேண்டும் என்று ஹெட்மாஸ்டர் சொல்லிவிட்டார். மற்ற வாத்தியார்கள் தலையை ஆட்டிவிட்டு ஊருக்குப் போய்ச் சேர்ந்தார்கள். அப்பா அம்மா போனபிறகு அவளுக்குப் போவதற்கு ஊர் இல்லை.

அறிவுச்செல்வி ஒன்பதாவதில் கெட்டிக்காரப் பிள்ளை. தாய்க்காரி தாராபுரத்தில் ஆஸ்பத்திரி ஆயா. பிள்ளை இங்கே தாத்தன் சுருளிவேலோடு. லீவு விட்டால் போதும், அந்தப் பக்கத்துப் பெண் பிள்ளைகளை நூல்மில் வேன் வந்து அள்ளிக்கொண்டு போகும். பள்ளிக்கூடம் திறக்கும்போது பாதிப் பேர் வரமாட்டார்கள். செல்வியும் அப்படிப் போய்விடுவாளோ என்றுதான் டீச்சருக்குப் பயம்.

"புத்தகம் குடுக்கத்தான் வந்தேங்கய்யா. லீவுல படிக்கட்டும்."

"மில்லு வேன்காரனும் இப்படித்தேன் பல்லக் காட்டிக்கிட்டு வந்தான். ஓசியில எவன் எதக் குடுப்பான்? அதுக்குள்ள என்ன கண்றாவி எழுதியிருக்கோ!"

"நீங்களே படிச்சுப் பாருங்க."

"எனக்குப் பேரு எழுதவே கை கோணும். நீங்க வாசிங்க, கேப்போம்."

உள்ளே ஏதோ பாத்திரம் உருண்டது. அமலராணி எட்டிப் பார்த்தாள்.

"கோழி," என்றார்.

அவள் நம்பவில்லை. பிள்ளை கதவுக்குப் பின்னால் நிற்கிறது, கிழவன் மறைக்கிறான். அவள் துவைக்கிற கல்லில் உட்கார்ந்து, உள்ளே கேட்கும்படி குரலை உயர்த்தி வாசித்தாள்.

காணாமல் போன எருமையைத் தேடி ஊர் ஊராக அலைகிற ஒரு விதவையின் கதை அது. இரண்டு பக்கம் போவதற்குள் சுருளிவேல் குறுக்கே விழுந்தார்.

"எருமைய அந்தக் கொழுந்தன்தேன் வித்துருப்பான்."

"அப்படி இன்னும் வரலைங்கய்யா."

"வராட்டி என்ன? அவன் மூஞ்சியே சரியில்ல."

"மூஞ்சிய நீங்க எங்க பாத்தீங்க?"

"பேச்சுலயே தெரியுதுல்ல! நீங்க மேல வாசிங்க."

வெயில் தாழ்ந்தது. செல்வியைக் கூப்பிடச் சொன்னாள். அவர் அசையவில்லை. "முழுசாக் கேட்டாத்தேன் நல்லதா கெட்டதான்னு சொல்லலாம். நாளைக்கு வாங்க."

மறுநாளும் வந்தாள். அதற்கு மறுநாளும். முதலில் தண்ணீர்கூடக் கொடுக்காதவர் பிறகு மோர் கொடுத்தார், கடலை அவித்து வைத்தார். எருமையை விற்றது கொழுந்தன்தான் என்று தெரிந்த அன்று அவரைப் பிடிக்க முடியவில்லை. "நான் சொன்னேன்ல? நான் சொன்னேன்ல? எந்தப் பயலையும் நம்பக் கூடாது டீச்சர்!"

பி.எட். முடித்த பிறகு, பாடப் புத்தகத்தையும் கைடையும் தவிர அமலராணி எதையும் முழுதாகப் படித்தவளில்லை. இப்போது வாடகை அறைக்குத் திரும்பியதும் விளக்கைப் போட்டு, நாளைக்கு வாசிக்க வேண்டியதை இன்றைக்கே படித்தாள். அந்த எருமைக்காரியைப் பற்றி யாரிடமாவது சொல்லவேண்டும் போலிருக்கும். சொல்ல யார் இருக்கிறார்கள்? அடுத்த நாள் பஸ் ஏறுவாள்.

ஒருநாள் வழியில் பஸ் பஞ்சராகி நேரமாகிவிட்டது. இறங்கினால், ரோட்டோரத்தில் சுருளிவேல் நிற்கிறார்.

"வெத்தல வாங்க வந்தேன்," என்றார். அந்த இடத்தில் கடையே கிடையாது.

கடைசி அத்தியாயம். விதவை எருமையைக் கண்டுபிடித்துவிட்டாள். அது வேறொருத்தி தொழுவத்தில் கன்றுக்குட்டியை நக்கிக்கொண்டு நிற்கிறது. சற்று நேரம் பார்த்துவிட்டு, அவள் கயிற்றைச் சுருட்டிக்கொண்டு திரும்பி நடக்கிறாள்.

"தனியாவா போனா?"

"ஆமாங்கய்யா. அவ்வளவுதான் கதை."

சுருளிவேல் துண்டால் மூக்கைத் துடைத்தார்.

"கெட்ட புத்தகமாய்யா?"

"பழுதில்ல."

"அடுத்த வாரம் பள்ளிக்கூடம் தெறக்குது. செல்விய மில்லுக்கு அனுப்ப மாட்டேன்னு ஒரு வார்த்த சொல்லுங்க. அதுக்குத்தான் இம்புட்டு நாள் நடந்தேன்."

"மில்லுக்கா? அந்த வேன்காரன மம்பட்டியத் தூக்கிக்கிட்டு வெரட்டுனவன் நான். படிக்க வெக்காம அவ ஆத்தா விடமாட்டா டீச்சர். எம்புட்டு வேணும்னாலும் படிப்பா."

அமலராணிக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. புத்தகத்தை எடுத்துக்கொண்டு கதவருகே ஓடினாள்.

"செல்வி! வெளிய வா தாயி. தாத்தா சரின்னுட்டாரு!"

பாதி சாத்திய கதவு அப்படியே இருந்தது. அவள் மறுபடியும் கூப்பிட்டாள். சுருளிவேல் தலையைக் குனிந்துகொண்டு, அவளுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்.

"பரீட்சை முடிஞ்ச அன்னைக்கே அவ ஆத்தா வந்து தாராபுரத்துக்குக் கூட்டிட்டுப் போயிட்டா, டீச்சர்."