பட்டியலில் இல்லாத கார்டு

மர்பி டவுன் வீட்டு ஜன்னல் வெயில் மடிக்கணினியின் திரையில் விழுகிறது. காலையிலிருந்து மூன்றாவது முறையாக லினக்ஸ் இயங்குதளத்தை நிறுவிப் பார்க்கிறாள் சங்கமித்ரா; வைஃபை மட்டும் தென்படவே இல்லை. நாலு மணிக்கு, ஊர்க்கோடியில் உள்ள எலெக்ட்ரானிக் சிட்டி கம்பெனி ஒன்று ஆன்லைனில் அவளுக்கு வேலைக்கான லினக்ஸ் தேர்வு வைக்கிறது. "டிரைவர் சாஃப்ட்வேர் ப்ராப்ளமா இருக்கும், விடு மித்ரா," என்கிறான் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருக்கும் கணவன் கௌதமன். தூசி தட்டித் தருகிறேன் என்று நேற்று கணினியைத் திறந்தவன் அவன்தான். உள்ளே உள்ள பாகங்களின் பட்டியலைத் திரையில் வரவழைக்கிறாள். வைஃபை கார்டின் பெயரே அதில் இல்லை. திருகுகளைக் கழற்றி அடிமூடியை எடுக்கிறாள். கார்டு இருந்த இடம் காலி. அதில் மாட்டியிருந்த இரண்டு மெல்லிய ஒயர்கள், நுனியில் கறுப்பு டேப் சுற்றி, ஓரமாக அக்கறையோடு ஒதுக்கப்பட்டிருக்கின்றன. அந்த அக்கறைதான் அவளைச் சுடுகிறது. "நீதான் கழட்டினியா?" அவன் நிமிரவில்லை. "தினம் அவ்ளோ தூரம் போய் வரணுமா? உன் நல்லதுக்குத்தான் மித்ரா..." அவள் மூடியை மாட்டுகிறாள். தன் போனைக் கேபிளால் கணினியில் செருகி அதன் இன்டர்நெட்டைத் திறந்துவிடுகிறாள். இணைப்பு கிடைத்துவிட்டதாகத் திரை சொல்கிறது. "நாலு மணிக்கு நீ வீட்ல இருக்காதே," என்கிறாள், திரும்பாமல்.