பருப்பு வேகும் ஊர்

"வாடகையை அப்புறம் பேசிக்கலாங்க. முதல்ல ஒண்ணு சொல்லுங்க. இந்தக் கிணத்துத் தண்ணியில துவரம்பருப்பு வேகுமா?"

பாண்டுரங்கன் இப்படிக் கேட்டதும் ஏகாம்பரம் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். எல்லம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பக்கத்து வீடும் அவர்களுடையதுதான். ஆறு மாதமாகப் பூட்டிக் கிடக்கிறது. வாடகைக்குப் பார்க்க வந்தவர்கள் கூரை ஒழுகுமா, பாம்பு வருமா என்றெல்லாம் கேட்டிருக்கிறார்கள். பருப்பைப் பற்றிக் கேட்ட ஆண்பிள்ளை இவர் ஒருவர்தான்.

"எங்க உத்திரமேரூர் தண்ணியில கல்லைப் போட்டாலும் வெந்துரும்" என்றார் ஏகாம்பரம்.

"கோவிச்சிக்காதீங்க. போன வாரம் பார்த்த ஊர்லயும் இப்படித்தான் சொன்னாங்க. ஒரு கட்டு விறகு எரிஞ்சு போச்சு, பருப்பு அப்படியே முழிச்சிக்கிட்டு நின்னுது. அந்த ஊர்ல குடியிருந்தா விறகுக்கே பென்ஷன் பத்தாது."

சொல்லிக்கொண்டே கைக்குட்டை முடிச்சை அவிழ்த்தார். உள்ளே ஒரு பிடி துவரம்பருப்பு.

"அம்மா, உங்க அடுப்புல இதை ஏத்திப் பார்க்கலாமா?"

கிணற்றடிக்குப் பக்கத்தில் நெல் அவிக்கும் அடுப்பு இருந்தது. எல்லம்மாள் பாத்திரம் கொண்டுவருவதற்குள் அவரே தண்ணீர் சேந்திவிட்டார். அவரே விறகை அடுக்கிப் பற்றவும் வைத்தார்.

அவரோடு வந்த மனைவி கோவிந்தம்மாள் வேப்ப மரத்தில் சாய்ந்து, வாயைத் திறந்தபடி நல்ல தூக்கத்தில் இருந்தாள். பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தவள் வீட்டைக்கூட எட்டிப் பார்க்கவில்லை. "நீங்களே பாருங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தவள்தான்.

'கொடுத்து வெச்சவ' என்று எல்லம்மாள் நினைத்தாள். கொஞ்சம் எரிச்சலாகவும் இருந்தது.

"மதராஸ விட்டுட்டு இந்தப் பட்டிக்காட்டுக்கு ஏன் சார் வரீங்க?" என்று ஏகாம்பரம் கேட்டார்.

"மாசக் கடைசியில குவார்ட்டர்சைக் காலி பண்ணணுங்க. அங்கே வெளியில வீடு எடுத்தா பாதிப் பென்ஷன் வீட்டுக்காரனுக்கே போயிடும். குழாயடிச் சண்டை வேற. இங்கே சரிப்பட்டா மிச்சக் காலத்துக்குக் காலை நீட்டிப் படுக்கலாம். இல்லைன்னா பையன்கிட்ட கையேந்தணும்." அவர் குரல் கொஞ்சம் இறங்கியது. "அது வேணாம்னுதான் ஊர் ஊரா அலையறேன்."

"எத்தினி வருச சர்வீசு?"

"முப்பது முடியுதுங்க. சர்க்கார் ஆஸ்பத்திரி."

"அட! கம்பவுண்டரா?"

பதில் வருவதற்குள் பருப்பு பொங்கியது. பாண்டுரங்கன் தாவிப்போய்க் கரண்டியை எடுத்தார்.

"நுரையை எடுத்துடணும்மா. இல்லைன்னா அடுப்பை அணைச்சிடும்."

எல்லம்மாளுக்கு அந்தக் கையைப் பார்க்கப் பார்க்க வியப்பாக இருந்தது. எத்தனையோ நாள் பழகிய கை அது.

நுரையைத் தள்ளியபடியே கேள்விகளும் வந்தன. பால் வீட்டுக்கே வருமா? நல்ல புளி எந்தக் கடையில்? காஞ்சிபுரம் பஸ் எத்தனை தரம்? சாயங்காலத்தில் பொழுது எப்படிப் போகும்?

"பாலு எங்க மாடே கறக்குது. கீரை இந்தத் தோட்டத்துலயே கீது. பஸ்சு காலையில ஒண்ணு, மத்தியானம் ஒண்ணு. பொழுதுபோக்குக்கு டூரிங் சினிமாக் கொட்டாய் கீது. கொசுவும் கீது, அதுக்குக் காசு வாணாம்" என்ற ஏகாம்பரம், பொறுக்க முடியாமல் கேட்டே விட்டார்: "சார், தப்பா நெனச்சிக்காதீங்க. முப்பது வருசம் சர்க்கார் உத்தியோகம் பாத்த மனுசன். ஊட்டம்மா மரத்தடியில தூங்கிக்கினு கீது, நீங்க அடுப்பு ஊதிக்கினு கீறீங்க. இன்னா சார் இது?"

"அவ ராத்திரி பூரா கண்ணு மூடலைங்க."

"அதுக்காக? இந்த எல்லம்மாவைக் கட்டினு இருவது வருசம் ஆவுது. ஒரு நாளு நான் அடுப்பங்கரைல கால் வெச்சிருப்பனா? கேளுங்க!"

எல்லம்மாள் குனிந்து ஒரு விறகை அடுப்புக்குள் தள்ளினாள். அது உண்மைதான். போன தையில் அவளுக்குக் காய்ச்சல் கொதித்த நாளிலும் கஞ்சி காய்ச்சியது அவள்தான்.

பாண்டுரங்கன் ஒரு பருப்பை எடுத்து விரலில் நசுக்கினார். இன்னொன்றை நசுக்கினார். பிறகு மத்துக்கூட வேண்டாமல் கரண்டியாலேயே மசித்தார். வெண்ணெயாகக் குழைந்தது.

"வெந்துடுச்சு!" என்று அவர் போட்ட கூச்சலில் கோழிகள் சிதறி ஓடின. "கோவிந்து! எழுந்திரு! வெந்துடுச்சு, இந்த வீடுதான் நமக்கு!"

கோவிந்தம்மாள் திடுக்கிட்டு எழுந்து நின்றாள். புடவையை இழுத்து விட்டுக்கொண்டு, பாதித் தூக்கத்திலேயே கேட்டாள்:

"எந்த பெட்டு? டாக்டருக்குச் சொல்லியாச்சா?"

ஏகாம்பரம் பாண்டுரங்கனைத் திரும்பிப் பார்த்தார்.

"முப்பது வருஷமா இப்படித்தாங்க எழுந்திருக்கிறா" என்று பாண்டுரங்கன் சிரித்தார். "ஹெட் நர்சு. ராத்திரி டூட்டி முடிஞ்சு நேரா பஸ் ஏறிட்டா. பென்ஷன் அவளுக்குங்க. வீட்டுல சமையல்தான் என் உத்தியோகம்."

"பதினஞ்சு ரூவா வாட..." என்று ஏகாம்பரம் தொடங்கினார்.

"பத்து போதும்" என்றாள் எல்லம்மாள். அந்த வீட்டில் அவள் விலை சொன்னது அன்றுதான் முதல் தடவை. பிறகு பாண்டுரங்கன் கையிலிருந்த கரண்டியை வாங்கிப் புருஷன் கையில் கொடுத்தாள்.

"நாளைக்குக் காலையில நான் இவங்க வூட்டைச் சாணி போட்டு மொழுவப் போறேன். பருப்பு நீங்க வெச்சிடுங்க. நுரையை எடுக்க மறந்துடாதீங்க."