வழி விட்டவன்

மகனுக்கு இடம் வேண்டுமென்று, கார்ப் பந்தய அணி முதலாளி குரோய்வா சீசன் நடுவிலேயே தன் ஓட்டுநர் இசோகாயைத் துரத்தினார்.

"உனக்கு வயசாயிடுச்சு. போய் டாக்சி ஓட்டு!" என்று எல்லோர் முன்னாலும் சிரித்தார்.

இசோகாயை எதிரணி சேர்த்துக்கொண்டது.

ஜப்பானின் சுசுகா பந்தயத் தடத்தில் சீசனின் கடைசிப் பந்தயம். மகன் ரென்தாரோ ஜெயித்தால் அவன்தான் சாம்பியன்.

புறப்படும்முன் குரோய்வா ஓடிவந்து, பெயரோடு மரியாதைக்கு 'சான்' சேர்த்துக் கெஞ்சினார். "இசோகாய் சான், எம்மேல உள்ள கோபத்தை எம்புள்ள மேல காட்டிடாதீங்க. இடிச்சுத் தள்ளிடாதீங்க."

"தொடக்கூட மாட்டேன், முதலாளி."

முன்னணியில் பறந்த இசோகாய், கடைசிச் சுற்றில் ஒதுங்கி ரென்தாரோவுக்கு வழி விட்டான்.

குரோய்வா கண்கலங்கி, இடுப்பு வளையக் குனிந்தார். "எப்படிங்க விட்டுக்கொடுக்க மனசு வந்துச்சு?"

"எங்க அணி உத்தரவு, முதலாளி. காலையிலதான் உங்க புள்ள எங்க அணி ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட்டான். அடுத்த வருஷம் சாம்பியன் எங்க கார்லதான் ஓடுவான்."

குனிந்தவர் நிமிரவே இல்லை.