மேசையில் கிடந்தவை

பதவி உயர்வுக்கு இன்னும் ஒரே ஒரு ஆய்வுக் கட்டுரை அச்சாக வேண்டியிருந்தது. நூலகத்தில் எத்தனை புத்தகங்கள் படிக்கப்படுகின்றன என்று காட்ட, கல்லூரி நூலகர் தமயந்தி, மாணவர்கள் படித்துவிட்டு மேசையிலேயே விட்டுப்போகும் புத்தகங்களை ஒரு மாதம் தினமும் மாலை நான்கு மணிக்கு எண்ணினாள். மேசையில் புத்தகம் கிடந்தால் உதவியாளர் அந்தோணிராஜுக்குப் பொறுக்காது. மூன்றரைக்கே எல்லாவற்றையும் அள்ளி அலமாரியில் அடுக்கிவிடுவார். இரண்டாம் நாளே அவள் அதைப் பார்த்துவிட்டாள்.

“இப்படிக் கெடந்தா உங்களத்தான மேடம் பேசுவாங்க,” என்றார்.

அவள் நோட்டில் பூஜ்யம் என்று எழுதிக்கொண்டாள்.

மாத முடிவில் நாளுக்கு ஒரு புத்தகம்கூடத் தேறவில்லை. யாரும் தொடாத புத்தகங்களை அடுக்கிவைக்கத் தனியாக ஓர் ஆள் தேவையில்லை என்று கட்டுரையை முடித்தாள். துணிச்சலான முடிவு என்று இதழாசிரியர் பாராட்டியிருந்தார். அவளுக்குப் பதவி உயர்வு வந்த வாரமே நிர்வாகம் அந்தோணிராஜை வேலையிலிருந்து நிறுத்தியது.

கடைசி நாளன்று அவர் அந்தக் கட்டுரை வந்திருந்த இதழை எடுத்துக்கொண்டு வந்தார். “எம் பேரு இதுல வருதாமே மேடம்?”

கடைசிப் பக்கத்தில் நன்றி சொல்லும் வரியை அவள் தொட்டுக் காட்டினாள். அதை மட்டும் இரண்டு முறை வாசித்தார். அதற்கு மேலே இருந்ததை வாசிக்கவில்லை.

“ரொம்ப சந்தோசம் மேடம்.”

அவள் இதழை மேசையில் விரித்தபடியே விட்டுவிட்டு டீ குடிக்கப் போனாள். நான்கு மணிக்குத் திரும்பி வந்தபோது மேசையில் ஒன்றுமே இல்லை.