கடைசிப் பக்கத்து அளவு

கதவைத் திறந்த பக்கத்து வீட்டு டாரலின் இடக்கையில் காபிக் கோப்பை இருந்தது. வலக்கை ஜாக்கெட் பைக்குள் இருந்தது.

"வாங்க மார்லிஸ்! மிசௌரிக்குக் குடிவந்து ஒரு வாரம்தான் ஆகுது, அதுக்குள்ள துப்பாக்கி கிளப் போட்டிக்கே பேர் குடுத்துட்டீங்களாமே?"

"பழங்காலத்து ரிவால்வர்தான். எவ்வளவு வெடிமருந்துப் பவுடர் போடணும்னு கேட்டா ஆளுக்கொரு அளவு சொல்றாங்க. நல்லவேளை, நேத்து உங்க வாசல்ல பழைய சாமான் வித்தாங்களே, அதுல இது கிடைச்சுது." அவள் ஒரு நோட்டை நீட்டினாள்.

டாரல் சிரித்தான். "என் பொண்டாட்டி இதையும் வித்துட்டாளா? அடுத்தது நான்தான்."

"ஒவ்வொரு அளவுக்குக் கீழேயும் 'நல்லா சுட்டுது', 'புகை அதிகம்'னு எழுதியிருக்கீங்க. கடைசிப் பக்கத்துல மட்டும், 'கரும்பவுடருக்குப் பதிலா, பல மடங்கு வேகமான புகையில்லாத புதுப் பவுடர், அதே அளவு.' அவ்வளவுதான்."

அவன் சிரிப்பு நின்றது. "அதைப் போட்டுச் சுட்டீங்களா?"

"இன்னும் இல்ல. மத்தியானப் போட்டிக்கு ஆறு குப்பியில அளந்து வெச்சிருக்கேன்." சட்டைப்பையைத் தட்டிக் காட்டினாள். "எனக்கு எதுலயும் சந்தேகம். அதான் கேட்டுட்டுப் போகலாம்னு வந்தேன். எப்படிச் சுட்டுதுன்னு ஏன் எழுதாம விட்டீங்க?"

டாரல் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, வலக்கையை மெதுவாக வெளியே எடுத்தான். அதில் கட்டைவிரல் மட்டும்தான் இருந்தது.

"எழுத விரல் வேணுமே, மார்லிஸ்."