காலை 6.58

மலேசியாவின் கிள்ளான் கையுறைத் தொழிற்சாலையில் என்னோடு வேலை செய்யும் ரொஹானி தாமதிக்கும் நாளெல்லாம் அவளுடைய வருகை அட்டையையும் நான்தான் இயந்திரத்தில் அடிப்பேன், 6.58க்கு. அன்றும் அடித்தேன். அவளுடைய அம்மா அழைத்துக் கேட்டபோது, “வேலைக்கு வந்துட்டாளே” என்றார்கள் அலுவலகத்தில். மாலையில்தான் வாய்க்காலில் மோட்டார் சைக்கிளோடு கிடந்தவளைக் கண்டெடுத்தார்கள். மதியம் வரை உயிர் இருந்ததாம்.

எனக்கு விசாரணைக் கடிதம் வந்தது.

“நான் அடிக்கலன்னு சொல்லிடு ஜமிலாக்கா. செத்தவளா வந்து சாட்சி சொல்லப்போறா?” என்றாள் உடன் வேலை செய்யும் லத்திஃபா.

விசாரணையன்று காய்ச்சல் என்று வீட்டிலேயே படுத்துக்கொண்டேன். ஒன்பது மணிக்கு சூப்பர்வைசர் ஹிஷாம் அழைத்தார்.

“எல்லாரும் காத்திருக்கோம். எங்க ஒளிஞ்சிருக்கீங்கக்கா?”

“வீட்டுலதான் தம்பி. காய்ச்சல்.”

“விளையாடாதீங்க. இன்னிக்குக் காலையில உங்க அட்டை 6.58க்கு அடிச்சிருக்கு. அட்டை பூரா சேறு வேற.”

எழுந்து சீருடையை உடுத்திக்கொண்டேன்.